சுவர் ஒன்றியத்துக்கு, ஆசிரியர் துறைக்கு, பிள்ளை யாருக்கு?

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே நம் வீட்டுப் பெண்கள் ஜன்னலில் சாய்ந்து உறங்கிக்கொண்டு போவார்கள். ஏழரை மணிக்கு அதே சாலையில் மஞ்சள் வேன்கள் வரும். அவற்றில் சில மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கமும் ஆனேக்கல் பக்கமும் போகின்றன. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பிள்ளைகள் அவற்றில் இருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு இன்னொரு கூட்டம் வரும். அரசு கொடுத்த பையை மாட்டிக்கொண்டு, நடந்தே வரும் கூட்டம். இவர்களை ஏற்றிச் செல்ல பஸ்ஸும் இல்லை, வேனும் இல்லை. இவர்களுக்காகப் பேச ஆளும் இல்லை.

வாசகர்களே, இந்தக் கட்டுரை அந்த ஒன்பது மணிப் பிள்ளைகளைப் பற்றியது.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் வேரூன்றின. பிறகு போச்சம்பள்ளியில் ஓலா வந்தது. ஓசூருக்கு அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்து ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு எடுத்தது. உலகத்துக்கே கடிகாரமும் வண்டியும் கைப்பேசி உதிரிபாகமும் செய்து அனுப்பும் மண் இது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு எவ்வளவு தெரியுமா? 71 விழுக்காடு சொச்சம். தமிழ்நாட்டின் சராசரியோ 80. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 64 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தொழிற்சாலை வந்த வேகத்தில் பள்ளிக்கூடம் வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

'அரசுப் பள்ளி சரியில்லை' என்று எல்லோரும் சொல்கிறோம். டீக்கடையில் சொல்கிறோம், கல்யாண வீட்டில் சொல்கிறோம். அந்தப் பள்ளியை நடத்துவது யார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் விடை தெரிவதில்லை. ஆகவே முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு பள்ளிக்கு இரண்டு எஜமானர்கள்

கிராமத்துப் பள்ளியின் பெயர்ப் பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று எழுதியிருக்கும். 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தை ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது, தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்தின் பொறுப்பில் வந்தன. அப்போது ஆசிரியரும் ஒன்றியத்தின் ஊழியர்தான். ஒன்றியப் பெருந்தலைவருக்குப் பிடிக்காத ஆசிரியர் எந்த மலைக்குப் போவார் என்று யாருக்கும் தெரியாது. ஆசிரியர் சங்கங்கள் போராடின. 1981 ஜூன் முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அது நியாயமான கோரிக்கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஆசிரியர்தான் அரசுக்குப் போனார். கட்டடம் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. இன்றுவரை வகுப்பறையின் ஓடும் சுவரும் கழிப்பறையும் ஊரக வளர்ச்சித் துறையின் கையில் இருக்கின்றன. ஆசிரியரும் பாடமும் தேர்வும் பள்ளிக் கல்வித் துறையின் கையில் இருக்கின்றன. மழையில் வகுப்பறை ஒழுகினால் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுவார். அவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புவார். அங்கே மதிப்பீடு போட வேண்டும், நிதி வர வேண்டும், தீர்மானம் வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வார்கள். இதில் யார்மீது கோபப்படுவது? இருவருமே கடிதம் எழுதியிருக்கிறார்கள். இருவரிடமும் கோப்பு இருக்கிறது!

மேலே உள்ள ஏணியும் நிலையாக இருந்ததில்லை. 2018-இல் ஓர் அரசாணை போட்டு, மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்துவிட்டு, அதிகாரத்தை எல்லாம் முதன்மைக் கல்வி அலுவலரிடம் குவித்தார்கள். 2022-இல் இன்னோர் அரசாணை வந்தது. தொடக்கக் கல்விக்கென்று மீண்டும் தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் வந்தார்கள். எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று கற்றுக்கொள்வதற்குள் மேசையே மாறிவிடுகிறது. அஞ்செட்டி மலையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு மனுவோடு வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது அரசாணை எழுதியவர்களுக்குத் தெரியுமா?

கேட்க வேண்டிய உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் கதையும் இதுதான். 2019 டிசம்பரில் இம்மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அன்றிலிருந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பள்ளிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஒன்றியத்தில், ஓட்டுக் கேட்டு வந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று.

மன்றோ எண்ணிப் பார்த்தார்

கொஞ்சம் பழைய கதை ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலை, அதாவது கிருஷ்ணகிரி - தர்மபுரிப் பகுதியை, ஆங்கிலேயர்கள் பறித்துக்கொண்டபோது, இங்கே நிலவரி அளக்க வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழு ஆண்டுகள் இங்கே சுற்றினார். பின்னாளில் சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனார். 1822-இல் எல்லா கலெக்டர்களுக்கும் எழுதினார்: உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று எண்ணி அனுப்புங்கள். விடை வந்தது. சுமார் ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. திண்ணைப் பள்ளியும் அதில் உண்டு. முஸ்லிம் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தனியே குறிக்கப்பட்டிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? எண்ணுவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. இன்று 'எமிஸ்' என்ற கணினிப் பதிவு இருக்கிறது. பிள்ளையின் வருகை முதல் அளித்த செருப்பு வரை ஆசிரியர் அதில் ஏற்ற வேண்டும். பாடம் நடத்த நேரம் இல்லாமல் பதிவேற்றிக்கொண்டே இருக்கிறோம் என்று ஆசிரியர் சங்கங்கள் புலம்புகின்றன. அவ்வளவு கணக்கும் சென்னைக்குப் போகிறது. மன்றோவின் கணக்கும் கோட்டைக்குத்தான் போயிற்று. பிள்ளையைப் பெற்றவர் கையில் அந்தக் கணக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வருவதில்லை.

சட்டம் கொடுத்த நாற்காலி

கணக்கைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லையா? இருக்கிறது! 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படியுங்கள். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். சட்டத்தில் குறையில்லை. நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க எல்லையோரத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கு மட்டும் நடப்பதல்ல இது. தலைவியாக இருக்கும் சகோதரி ரோஜாப் பண்ணையில் பூக் கட்டு வேலைக்குப் போகிறார். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். அவர் எப்படி வருவார்? மறுநாள் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வருகிறது. கையெழுத்துப் போடுகிறார். "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "சார் நல்லவருங்க பாய், தப்பா எழுத மாட்டாரு" என்றார். தலைமையாசிரியர் நல்லவர்தான், நானும் பேசிப் பார்த்தேன். அவருக்கும் வேறு வழியில்லை. கூட்டம் நடந்ததாக மேலே கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் நம் ஊர் ஆண்கள் பெயரும் இருந்தது. அவர்களில் ஒருவர் பள்ளிவாசல் மராமத்துக் கணக்கில் ஒரு மூட்டை சிமெண்ட் குறைந்தால் ஜும்ஆ முடிந்து எழுந்து கேள்வி கேட்பவர். பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வகுக்கப்பட்டது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்குமேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவிட வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று உங்கள் மகள் மாலைவரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறாளே, அந்தத் தண்ணீருக்கான காசு இதில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் ஒரு பிள்ளையை வேனில் ஏற்றினால் பள்ளியின் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் மானியம் குறைகிறது, ஆசிரியர் பணியிடமும் குறைகிறது. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் மீதி ஒருவர். கடைசியில் என்ன ஆகும்? 2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளைத் தமிழ்நாட்டில் நூலகமாக மாற்றினார்கள். பிள்ளைகளே இல்லாத ஊரில் நூலகத்தில் யார் படித்தார்களோ!

மத்திய அரசின் கைவண்ணத்தையும் சொல்லாமல் விட முடியாது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-இல் சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே நடக்கும் சண்டையில் அடி விழுவது தளி ஒன்றியத்துப் பிள்ளையின் முதுகில். அதையும் கேட்போம். ஆனால் அந்தச் சண்டையைக் காட்டி, இங்கே கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருப்பதை நியாயப்படுத்த முடியாது.

படிப்பு எப்படி?

'ஏசர்' என்னும் கிராமப்புற ஆய்வு 2022-இல் சொன்னது: தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கக் கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2018-இல் பத்துப் பேர் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் 2018-இல் நாற்பது பேர் படித்தார்கள், 2022-இல் இருபத்தைந்து பேர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவு இது. அதன்பின் இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் எல்லாம் வந்தன. 2024 ஆய்வில் ஏற்றம் தெரிந்தது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இவை நல்ல காரியங்கள். எந்தக் கட்சி செய்தாலும் நல்லதை நல்லது என்றே எழுதுவோம்.

ஆனால் மாநிலச் சராசரி எல்லையோரத்தைச் சொல்லாது. இங்கே ஒரே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோரோடு வந்த பிள்ளை எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சமவெளியில் இருந்து மாற்றலாகி வரும் ஆசிரியருக்கு இவற்றில் ஒரு மொழியும் தெரியாது. எப்போது கலந்தாய்வு வரும், எப்போது சொந்த மாவட்டத்துக்குப் போகலாம் என்று அவர் நாள் எண்ணுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. தங்க ஒரு வீடு, போக வர ஒரு பஸ் இருக்கிறதா என்று ஊர் கேட்டதுண்டா?

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1953-இல் அவர் அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் காமராஜர் அதை எடுத்தெறிந்தார். இன்று அப்படி ஒரு திட்டத்தை யாராலும் கொண்டுவர முடியாது. ஆனால் பூ சீசனில் பண்ணைக்கும், கல் குவாரிக் கொட்டகைக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கும் பிள்ளை போய்விடுகிறதே, அதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

நம் உருதுப் பள்ளிகள்

இனி நம் வீட்டு விஷயம். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

கிருஷ்ணகிரி, ஓசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, காவேரிப்பட்டினம் வட்டாரங்களில் நம்மவரில் பெரும்பாலோரின் வீட்டு மொழி உருது. தாய்மொழியில் படிப்பது உரிமை, அதை யாரும் பறிக்க முடியாது. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமானது. பத்தாம் வகுப்பை எட்டியபோது மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனார்கள். தமிழ்த் தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு சில ஆண்டுகள் நீண்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மேலும் ஓராண்டு நீட்டித்தது. வழக்கின் நியாயம் இதுதான்: தமிழ் கற்பிக்க ஆசிரியரையே போடாமல், தேர்வு மட்டும் எழுது என்றால் பிள்ளை எங்கே போகும்? சரியான கேள்வி.

விலக்கு வாங்கினோம். ஆசிரியர் வாங்கினோமா?

அரசு வேலைக்குப் போகும் வழியைப் பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த ஆணைப்படி தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மற்ற விடைத்தாள் திருத்தப்படாது. தமிழ் வழியில் படித்தவருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை என்ற 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. உருது வழிப் பிள்ளை அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது. 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது. எத்தனை மாநாடு, எத்தனை பேரணி! ஆனால் தமிழ்த் தாளில் 40 வாங்காத பிள்ளைக்கு அந்த மூன்றரையால் என்ன பயன்? ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கிய நாம், உருதுப் பள்ளிக்கு ஒரு நல்ல தமிழாசிரியர் வேண்டும் என்று ஒரு மனு கொடுத்திருக்கிறோமா? உருது ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் கேட்கிறோம். தமிழ் ஆசிரியர் இல்லையென்றால் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் கேட்க வேண்டும். என் கருத்து இதுதான், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

எல்லை தாண்டும் வேனுக்கும் இதையே சொல்கிறேன். ஆங்கிலம் வேண்டும் என்று பிள்ளையைக் கர்நாடகப் பக்கம் அனுப்பும்போது எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் 2022 செப்டம்பரிலும், ஆண்பிள்ளைக்கு 2024 ஆகஸ்டிலும் தொடங்கியது. வேனில் ஏறிய பிள்ளை இவை அனைத்தையும் எல்லைச் சாவடியிலேயே விட்டுவிட்டுப் போகிறது.

வராத பிள்ளையைத் தேடுவது யார்?

2025 பிப்ரவரியில் இம்மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றின் 13 வயது மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக அதே பள்ளி ஆசிரியர்கள் மூவர் கைது செய்யப்பட்டார்கள். நெஞ்சு பதைக்கிறது. அது எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளை பல நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தலைமையாசிரியர் வீடு தேடிப் போய்க் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது. அதற்கு அடுத்த மாதமே அஞ்செட்டி மலைப் பகுதியில் பதினான்கு வயதுச் சிறுமிக்குத் திருமணம் செய்துவைத்து, அழ அழத் தூக்கிக்கொண்டு போன காட்சியை நாடே பார்த்தது. அவளும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வருகைப் பதிவேட்டில் இருந்தவள்தான். பெயர் அடிக்கப்பட்ட நாளில் யாராவது வீடு தேடிப் போனார்களா?

ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பத்து நாள் வராத பிள்ளை யார் என்று பதினைந்து பெற்றோரால் கண்டுபிடிக்க முடியாதா? இதற்கு நிதி வேண்டாம், மதிப்பீடு வேண்டாம், ஒன்றியத்தின் தீர்மானமும் வேண்டாம். மாதக் கூட்டத்தில் பதிவேட்டைத் திறந்து, வராத பெயர்களைப் படிக்கச் சொன்னால் போதும்.

கூட்டம் பகலில் நடந்தால் கூலிக்குப் போகும் தாய் வர முடியாது. ஞாயிறு காலையோ மாலை ஆறு மணிக்கோ வையுங்கள் என்று பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். நம் ஜமாஅத்துகள் சந்தா பாக்கி வைத்தவர் பெயரை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கின்றன. பள்ளிக்கூடக் கூட்டத்தின் தேதியையும் ஒரு வரி வாசிக்கலாமே. அது முஸ்லிம் பிள்ளை மட்டும் படிக்கும் பள்ளி அல்ல என்று முத்தவல்லி தயங்க வேண்டாம். ஒழுகும் ஓட்டின் கீழ் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் மதம் பார்த்து மழை விழுவதில்லை. அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனை சொல்லும் அளவுக்குத்தான் என்று 2012 திருத்தம் சொல்கிறது. அதைக் காட்டி நம் நிர்வாகிகள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆலோசனையையாவது கேளுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றியத்தின் கையில் இருக்கும் கட்டடத்தைப் பற்றி அங்கே தீர்மானம் போட முடியும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலோடு போய் எழுந்து நில்லுங்கள். மூன்று கேள்விகள் போதும். சென்ற ஆண்டு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது? எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை காலி? பதிவேட்டில் இருந்து காணாமல் போன பிள்ளைகள் யார் யார்? விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.